பழைய நேரம்

தூக்கிய கைகளை எண்ணி
நான்தான் கூட்டக் குறிப்பில் எழுதினேன்:
ஏழு மணி ஆராதனையை எட்டரைக்கு மாற்றுதல்.
ஆதரவு நான்கு. எதிர்ப்பு இருபத்தாறு.
இருபத்தாறில் ஒன்று என் கை.

போதகர் புதியவர். வயது முப்பத்தொன்று.
"ஏன்?" என்றார், கோபமில்லாமல்,
மீன்காரனிடம் விலை கேட்பதுபோல.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
றெஜினோல்ட் மாஸ்டர் மட்டும் சுவரைப் பார்த்தார்.
சுவரில் மணிக்கூடு.

தொண்ணூற்றாறில் அரசாங்கம் நேரத்தை
ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது.
மின்சாரம் மிச்சமாம்.
சில மாதத்தில் அரை மணியைத் திருப்பித் தந்தது,
கடன் வாங்கியவன் பாதிக்காசோடு வருவதுபோல.
நாங்கள் முள்ளைத் தொடவில்லை.
யோசித்துச் செய்ததில்லை அது.
ஏணி பிடிக்க ஆளில்லை, பிறகு மழை, பிறகு நத்தார்.
அதற்குப் பிறகு அது எங்கள் கொள்கையாகிவிட்டது.

பத்து வருஷம்
கோயிலுக்குள் ஏழு, டொக்யார்ட் வீதியில் ஏழரை.
படலையில் நின்றே ஆட்கள் கைமணிக்கூட்டைத் திருகுவார்கள்,
செருப்பைக் கழற்றுவதுபோல.

'பழைய நேரம்' அப்போது பாரதூரமான சொல்.
காட்டுக்குள் இருந்தவர்களின் முள்ளும் அங்கேதான் நின்றது.
சென்றியில் ஒருநாள் மறித்து
"பூசை எத்தனைக்கு?" என்றான், மீசை முளைக்காத ஒரு பொடியன்.
"ஏழு."
அவன் தன் கையைப் பார்த்தான். ஏழு இருபது.
பிறகு என்னைப் பார்த்தான்.
"கோயில் மணிக்கூடு பழுது, மாத்தயா."
கால்ச்சட்டைக்குள் தொடை நடுங்கியது.
திருத்தலாமே, என்றான்.
திருத்தலாம், என்றேன்.

இரண்டாயிரத்தாறு சித்திரையில்
நாடு மீதி அரை மணியையும் தந்தது,
உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள்.
அந்த வாரம்தான் சந்தையில் குண்டு வெடித்தது.
கடைகள் எரிந்தன.
ஞாயிறு விடிய எங்கள் மணிக்கூடு
இலங்கை முழுவதற்கும் சரி.
அதைப் பார்க்க வாங்குகளில் ஒன்பது பேர்.
"பாத்தியே, அசையாம நிண்டம், நாடே வந்திட்டுது"
என்றார் மாஸ்டர், சட்டையில் புகை மணக்க.

அன்றுதொட்டு எதற்கும் ஒரே பதில்.
கிற்றாரா, பொறுங்கோ.
பெண்கள் காணிக்கைத் தட்டெடுப்பதா,
பொறுங்கோ.
பொறுத்ததில் திரும்பி வந்தது
அந்த அரை மணி மட்டும்தான்.
ஸ்காபரோவுக்குப் போன முப்பத்தெட்டுக் குடும்பம்
இன்னும் வழியில்.

எட்டரை கேட்டது டொனேற்றா.
நிலாவெளி ஹொட்டேலில் இரவு வேலை,
ஏழுக்குத்தான் விடுவார்கள்.
ஸ்கூட்டியில் வந்து சேர
நாங்கள் கடைசிப் பாட்டில் நிற்போம்.
போன ஞாயிறும் யூனிபோமோடு
மதிலோரம் மேயும் மான்களுக்குப் பக்கத்தில் நின்று
பாட்டு முடிய முதலே போய்விட்டாள்.

இன்று சாவி கொடுக்க ஏணியில் ஏறியவன்
ஊசலை விரலால் பிடித்தேன்.
ஒரு நிமிஷம் என்றுதான் நினைத்தேன்.
ஆறு ஐம்பதில் நின்றது.
கீழே எமிலியன் மணிக்கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்திருந்தான்.
வாங்குகளில் செருமல், விசிறிச் சத்தம்.
எல்லார் பையிலும் நேரம் தெரிந்த கைபேசி.
ஒருவரும் எடுக்கவில்லை.
"என்னவாம்?" என்றார் மாஸ்டர்.
"மணிக்கூடு பழுது."
"ஓ, பழுதோ."
பாட்டுப்புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.
அவ்வளவுதான். பழுதுக்கு யாரும் கை தூக்கச் சொல்வதில்லை.

வெளியே ஸ்கூட்டி நின்றது.
மறுபடி ஏறி ஊசலைத் தட்டிவிட்டேன்.
இறங்கும்போது ஏணியடியில் போதகர்.
திருத்தலாமே, என்றார் மெல்ல.
திருத்தலாம், என்றேன்.